உழும்போது ஒன்றும் கிடைக்காத நிலத்தில் எதற்குச் சோதனை அகழாய்வு?

கேள்வி: எங்கள் நிலத்தின் வழியாகப் புதுச் சாலை வருகிறது. அதற்கு முன்பு தொல்லியல் குழு வந்து நீளநீளமாகக் குழி வெட்டப் போகிறதாம். இத்தனை வருடம் உழுததில் ஒரு பானை ஓடுகூடக் கிடைத்ததில்லை. பிறகு ஏன் இந்த வேலை? ஏதாவது கிடைத்துவிட்டால் என்ன ஆகும்? மண் கெட்டுப்போகாதா?

பதில்: கலப்பை போவது பெரும்பாலும் மேலே 20, 30 சென்டிமீட்டர் வரைதான். அந்தக் குழு தேடுவது அதற்கும் கீழே இருக்கிறது. அதோடு, அவர்கள் முதலில் தேடுவது பொருளைக்கூட இல்லை, மண்ணின் நிறத்தை.

பொக்லைனில் பல் இல்லாத தட்டையான பக்கெட்டை மாட்டி மேல்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். பக்கத்திலேயே ஒருவர் பக்கெட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்து வருவார். மஞ்சள் மண்ணில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு வட்டம் தெரிந்தால் உடனே கையைத் தூக்குவார், மெஷின் நின்றுவிடும். எப்போதோ யாரோ குழி தோண்டி மரக்கம்பு நட்டிருக்கிறார்கள், கம்பு மக்கிப்போய், அந்த இடத்தில் கறுத்த மண் நிரம்பியிருக்கிறது. வட்டத்தில் பாதியை மட்டும் கரணையால் தோண்டி, வெட்டுமுகத்தைப் பார்ப்பார்கள். எலி வளை என்றால் ஓரம் நெளிந்து பக்கவாட்டில் ஓடும்; மனிதர் தோண்டிய குழி என்றால் சுவர் தெளிவாக இறங்கும், சில சமயம் கம்பு ஆடாமலிருக்க முட்டுக் கொடுத்த கல்கூட அப்படியே இருக்கும். ஒரு வட்டத்தை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ஒரே இடைவெளியில் ஆறு வட்டங்கள் வரிசையாக வந்தால் அங்கே ஒரு வீடு நின்றிருக்கலாம். இதை டிராக்டரில் உட்கார்ந்து யாராலும் பார்த்திருக்க முடியாது.

அவர்கள் வெட்டும் சோதனைக் குழிகள் பொதுவாக 2 மீட்டர் அகலம், 30 முதல் 50 மீட்டர் நீளம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டினால் அதே திசையில் ஓடும் பழைய வாய்க்கால் இரண்டு குழிகளுக்கு நடுவே தப்பிவிடும் என்பதால் திசையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். மண்ணின் காந்தத் தன்மை எங்கே மாறுகிறது என்று காட்டும் காந்தமானியை வைத்து முன்கூட்டியே அளந்து பார்ப்பதும் உண்டு. சூளை, பெரிய அகழி எல்லாம் அதில் நன்றாகத் தெரியும், சின்னக் கம்புக் குழிகள் பல நேரம் தெரியாது.

சரி, கிடைத்துவிட்டால்? பெரும்பாலும் சாலை நின்றுபோவதில்லை. அந்த இடத்தை மட்டும் அகலமாகத் திறந்து, முழுக்கத் தோண்டிப் பதிவு செய்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். அயர்லாந்தில் எம்3 நெடுஞ்சாலைப் பாதையில் லிஸ்முல்லின் என்ற இடத்தில் கம்புக் குழிகளாலேயே ஆன, சுமார் 80 மீட்டர் விட்டமுள்ள இரும்புக்கால வட்டம் ஒன்று வெளிப்பட்டது. 2007இல் அதைத் தேசிய நினைவுச்சின்னம் என்றே அறிவித்தார்கள். அதையும் அகழ்ந்து பதிவு செய்தபின் அதே பாதையில்தான் சாலை போட்டார்கள், 2010இல் திறந்தும் விட்டார்கள். எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான், ஆனால் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது. பாதையைத் திருப்புவது அபூர்வம். செலவைப் பொறுத்தவரை, திட்டத்தைக் கொண்டுவருபவர்களே ஏற்க வேண்டும் என்ற கொள்கையை தொல்லியல் எச்சங்களைக் காப்பதற்கான 1992ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாலெட்டா உடன்படிக்கை வலியுறுத்துகிறது. இழப்பீடும் கிடைத்த பொருளின் உரிமையும் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மண்ணைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்லுங்கள், மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். இரண்டும் கலந்துவிட்டால் அந்தப் பட்டையில் பல வருடம் பயிர் சரியாக வராது. நிலம் ஈரமாக இருக்கும்போது கனரக வண்டி இறங்கினால் மண் இறுகிவிடும், அதையும் முன்பே பேசிவிடுங்கள். தோண்டுவதற்கு முன்பும் மூடிய பிறகும் போட்டோ எடுத்து வையுங்கள். நிலத்தடிக் குழாய், கேபிள், தூர்ந்த கிணறு எங்கே என்பதைக் கூடவே நடந்து காட்டுங்கள்.

அப்புறம் இன்னொன்று. வெயில் காலத்தில் எந்த இடத்தில் பயிர் முதலில் வாடுகிறது, எந்த இடம் மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வாடும் கோட்டுக்கு அடியில் சுவர் இருக்கலாம், பச்சைக் கோட்டுக்கு அடியில் தூர்ந்த அகழி இருக்கலாம். குழிகளின் வரைபடம் முடிவாகும் முன்பே அந்த இடங்களை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.