காட்டு டாக்டராகப் போகிறேன் என்கிற மகள்

அண்ணாச்சி, ஹவுஸ் சர்ஜன் முடிக்கப்போகிற மகள் மேற்படிப்புக்குத் தயாராகாமல் "மலையிலதான் வேலை பார்ப்பேன்" என்று நிற்கிறாள், பேசி மனதை மாற்றுங்கள் என்றீர்கள். பேசினேன். மனதை மாற்றவில்லை, வரிசையை மட்டும் மாற்றச் சொன்னேன்.

அவள் ஆசை இமயமலை. நம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் ஆபரேஷன் செய்த சோமர்வெல் டாக்டர்கூட 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போனவர்தான். ஆனால் அவர் அதற்கு முன்பே, முதல் உலகப்போரில் பிரான்ஸ் போர்முனையில், வந்து குவிந்த காயக்காரர்களிடம் கை பழகியவர்.

குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது, என்ன பாம்பென்று தெரியாது, என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டேன். "2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் 20 நிமிஷம் அசைக்காமல் வைப்பேன். உறையாவிட்டால் ரத்தத்தில் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்து 10 குப்பி" என்றாள். சரி, 6 மணி நேரம் கழித்தும் உறையவில்லை? "இன்னும் கொடுப்பேன்." அப்புறமும் உறையாவிட்டால்? முழித்தாள்.

நம் ரப்பர் தோட்டங்களில், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும் ஒரு சின்னக் குழிவிரியன் உண்டு. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும்தான், இதற்குக் கேட்காது. சிலருக்குக் கிட்னியே நின்றுவிடும். டயாலிசிஸ் இருக்கும் இடத்துக்கு நேரத்தோடு இறக்கி அனுப்ப வேண்டும். இமயமலை உச்சியில் ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்தாலும் அதே கதைதான்: முதல் வைத்தியம் கீழே இறக்குவது. எதைக் கையில் வைத்துப் பார்க்கலாம், எதை அனுப்ப வேண்டும் என்கிற கணக்கு, பின்னால் ஒரு சீனியர் நிற்கிற இடத்தில்தான் பிடிபடும்.

அதனால் முதல் இரண்டு வருஷம் கூட்டம் நெரிகிற ஏதாவது ஒரு காஷுவாலிட்டி. மூச்சுக்குழாய் போடவும் பிரசவம் பார்க்கவும் கை தானாகப் போக வேண்டும். பிறகு தர்மபுரி சிட்லிங்கியிலோ கூடலூரிலோ உள்ள பழங்குடியினர் மருத்துவமனையில் கேட்டுப் பார்க்கலாம். அண்டார்டிகாவின் மைத்ரி, பாரதி நிலையங்களுக்கும் டாக்டர்கள் போகிறார்கள். அனுப்புவது கோவாவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம். அரசு வேலைதான் வேண்டுமென்றால் எம்.ஆர்.பி. (தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டு வாங்கலாம். அரசுப் பணியிலிருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் மாநிலங்கள் தனி ஒதுக்கீடு தரலாம் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆகவே மேற்படிப்பு கைவிட்டுப் போகாது. சம்பளம் நகரத்து தனியார் ஆஸ்பத்திரி அளவுக்கு இருக்காது, அது உண்மை. கல்யாணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது என் பாடத்திட்டத்தில் இல்லை, அண்ணாச்சி.

ஒரு தப்பு நான் செய்திருக்கிறேன். பல வருஷம் முன்பு ஒரு பையனை, படிப்பு முடிந்த கையோடு, வேறு டாக்டரே இல்லாத மலை ஊருக்குப் போ என்று உற்சாகப்படுத்தினேன். நாலே மாதத்தில் திரும்பி வந்தான். வெகுநாள் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவில்லை. அதிலிருந்து யார் வந்தாலும் கையெழுத்துப் போடுமுன் கேட்கச் சொல்கிறேன்: ராத்திரி இரண்டு மணிக்கு என் போனை எடுக்கப்போகிறவர் யார்? வண்டி எங்கே நிற்கும்? ஆக்சிஜன் எத்தனை சிலிண்டர்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளோடு பேச்சிப்பாறைக்குப் போய்வாருங்கள். அணைக்கு அக்கரையில் காணிப் பழங்குடியினரின் சில குடியிருப்புகளுக்குப் படகில்தான் போக வேண்டும். திரும்பும்போது படகில் ஏறியதிலிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் வாசல் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவளே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு என்னிடம் வரட்டும்.