எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின்: மனச்சோர்வுக்கும் படபடப்புக்கும் எது நல்லது?

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், நீங்கள் இன்னும் அட்டையைப் பிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன். நானும் கோத்தகிரியில் மாத்திரையை பீரோவில் வைத்துவிட்டுப் பத்து நாள் இதையேதான் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் டாக்டர் இல்லை, சிறு தேயிலை விவசாயி. எனக்கு முதலில் கொடுத்தது எஸ்சிட்டலோபிராம். முதல் வாரம் படபடப்பு குறையாமல் கூடியது. அப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். நாலாவது வாரம் ஒரு காலையில், இலை பறிக்கிறவர்கள் வருவதற்கு முன்பே தோட்டத்தில் நின்றேன். அதற்கு முன் ஆறு மாதமாக நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் செய்த தப்புதான் முக்கியம். குணமாகிவிட்டது என்று மூன்றாம் மாதம் நானாகவே நிறுத்தினேன். தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போல வெட்டு, காரணமில்லாத அழுகை. அது அடங்கி ஒன்றரை மாதத்தில் பழைய சோர்வும் திரும்பியது. மறுபடி மேட்டுப்பாளையம் இறங்கி கோவைக்குப் பயணம். முன்னது பகலெல்லாம் தூக்கத்தைக் கொடுத்ததால் இந்த முறை செர்ட்ரலின். ஒரு வாரம் வயிறு கெட்டது, பிறகு பழகிவிட்டது.

இரண்டும் ஒரே வகை, மூளையில் உள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளைச் சார்ந்து வேலை செய்பவை. 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 21 மனச்சோர்வு மருந்துகளை 522 ஆய்வுகளை வைத்து ஒப்பிட்டார்கள். எல்லாமே வெற்று மாத்திரையைவிட மேல்தான். தங்களுக்குள் வித்தியாசம் பெரிதில்லை. பக்கவிளைவில்தான் ஆளுக்கு ஆள் மாறும். அந்த 21-இல் ஒன்றான மிர்டாசபின் தூக்கத்தையும் பசியையும் கூட்டும். பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் நிறுத்தும்போது அதிகம் படுத்தும். ஃப்ளூஆக்ஸெட்டின் உடம்பில் நீண்ட நாள் தங்குவதால் அந்தத் தொல்லை குறைவு.

மாத்திரைக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் வர வேண்டாம். பேசியே குணமானவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்கடையில் பத்துப் பேர் முன்னால் "தூக்க மாத்திரையா?" என்று சத்தமாகக் கேட்பார்களே, அந்த அவமானத்துக்குப் பயந்துதான் நான் ஒரு வருடம் டாக்டரிடமே போகவில்லை. இது தூக்க மாத்திரையே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றும் சொல்லிவிடுகிறேன்: உரமும் கூலியும் ஏற, பசுந்தேயிலைக்கு வரும் காசு மட்டும் ஏறாவிட்டால், இந்த மலையில் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

சரி, மாத்திரையை இன்றே ஆரம்பியுங்கள். நிறுத்துவதானால் டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரங்களில் சாக வேண்டும் போல எண்ணம் வந்தால் அன்றைக்கே அவரைக் கூப்பிடுங்கள். இரவானால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.