இருபது நிமிடத்துக்கு ஒரு பெட்டி

கேள்வி: கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை "கண்ணை எடு" என்று செய்திப் பெட்டி வருவதற்காகப் பைத்தானில், விண்டோ வரையும் டிகின்டர் நூலகத்தை வைத்து ஒரு ப்ரோகிராம் எழுதினேன். திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப்பில் டைம்.ஸ்லீப்(1200), அதாவது 1200 விநாடி தூங்கு என்று போட்டால் விண்டோ உறைந்துபோகிறது. அதை எடுத்துவிட்டு, 'காட்டு' என்ற ஃபங்ஷனின் கடைசி வரியாக ரூட்.ஆஃப்டர்(1200000, காட்டு()), அதாவது 1200000 மில்லிவிநாடி கழித்து மறுபடி ஓட்டு என்று எழுதினேன். இப்போது ஓகே அழுத்திய அடுத்த நொடியே இன்னொரு பெட்டி! எங்கே தப்பு?
- வாசகி, ஈரோடு

பதில்: கடைசியில் இருக்கும் அந்த வெற்று அடைப்புக்குறிதான். 'காட்டு' என்றால் ஃபங்ஷனின் பெயர். 'காட்டு()' என்றால் இப்போதே ஓடு என்ற கட்டளை. ஆஃப்டருக்குக் கொடுப்பதற்கு முன்பே பைத்தான் அதை ஓட்டிவிடுகிறது. அது திரும்பவும் தன்னையே ஓட்டுகிறது. ஆஃப்டர் வேலையைத் தொடங்கவே இல்லை. ஏறக்குறைய ஆயிரம் தடவை ஓகே அழுத்தும் பொறுமை உங்களுக்கு இருந்தால், ரிகர்ஷன் எரர் (தன்னையே அளவுக்கு மீறி அழைத்த பிழை) வந்து தானாகவே நிற்கும். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள், சரியாகிவிடும்.

ஸ்லீப் விஷயம் வேறு. பட்டனைக் கவனிப்பது, விண்டோவை வரைவது எல்லாமே மெயின்லூப் என்ற ஒற்றை ஆளின் வேலை. அவரையே 20 நிமிடம் தூங்கச் சொன்னால்? ஐந்து விநாடி பதில் வராவிட்டாலே விண்டோஸ் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று எழுதிவிடும்.

அடைப்புக்குறி போனபிறகு, ஆஃப்டர் வரியைக் கடைசியிலேயே விட்டுவைத்தது நல்லது. நீங்கள் ஓகே அழுத்திய பிறகுதான் அடுத்த 20 நிமிடம் ஓடத் தொடங்கும். மெசேஜ் பாக்ஸ் (செய்திப் பெட்டி) வரிக்கு மேலே அதை வைத்தால், பெட்டி மூடாமல் கிடக்கும்போதும் கடிகாரம் ஓடும். இதில் நான் பட்டிருக்கிறேன். விபி டாட்நெட் என்ற இன்னொரு மொழியில் ஒரு நிமிட டைமர் வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் அதன் டிக்கில் மெசேஜ் பாக்ஸைப் போட்டு, சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சீட்டுக்கட்டை விரித்த மாதிரி திரை முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றாக மூடி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு வந்துவிட்டன. டிக்கின் முதல் வரியில் டைமரை நிறுத்தி, பெட்டி மூடியதும் மறுபடி ஓட்டியிருக்க வேண்டும்.

உங்கள் தேவைக்கு மெசேஜ் பாக்ஸே வேண்டாம் என்பேன். எக்ஸெலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓகே அழுத்த நீங்கள் திரையைத்தான் பார்க்க வேண்டும். கண் மருத்துவர்கள் சொல்வது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளியிருப்பதை 20 விநாடி பார்க்க வேண்டும் என்றுதான். அதனால் டாப்லெவலில் (தனி விண்டோ திறக்கும் வசதி) சின்ன விண்டோ திறந்து, அது எல்லாவற்றுக்கும் மேலே நிற்க டாப்மோஸ்ட்டை ட்ரூ ஆக்கி, 20 விநாடியில் அதை மூட ஆஃப்டர்(20000, அந்த விண்டோவின் டெஸ்ட்ராய்) என்று போடுங்கள். இங்கேயும் டெஸ்ட்ராய்க்குப் பின்னால் அடைப்புக்குறி கூடாது! விண்டோ தானாகவே மூடிக்கொள்ளும்.

அப்புறம், ஆஃப்டர் திருப்பித் தரும் அடையாளத்தை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி பக்கத்தில் நின்று பேலன்ஸ் ஷீட் பார்க்கும் நேரத்தில், அந்த அடையாளத்தைக் கொடுத்து அடுத்த பெட்டியை ரத்துசெய்ய ஆஃப்டர்_கேன்சல் உதவும்.