வாசகர் கேள்வி – பதில்: சிரட்டைத் தொட்டியும் அழுகிய கள்ளியும்

கேள்வி: தேங்காய்ச் சிரட்டைகளை நன்றாகத் தேய்த்து, வெளியே வண்ணம் பூசி, ஆறு சிறு தொட்டிகள் செய்தேன். அடியில் சரளைக்கல் பரப்பி, தோட்ட மண் நிரப்பி, கள்ளிச் செடிகளை நட்டுத் திண்ணை விளிம்பில் வைத்தேன். ஆனி மாத மழை தொடங்கிய பத்தே நாளில் நான்கு செடிகளின் அடிப்பாகம் பழுப்பேறிக் குழைந்துவிட்டது. எங்கே தவறினேன்? – வாசகி, குலசேகரம்

பதில்: உங்கள் கடிதத்தில் சரளைக்கல் இருக்கிறது, துளையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கல் போட்டால் துளை வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள், உண்மை அதற்கு நேர்மாறானது. நுண்ணிய மண் தன் இடுக்குகளில் நீரை இறுகப் பிடித்துக்கொள்வதால், அந்த மண் முழுவதும் ஊறித் ததும்பும் வரை ஒரு சொட்டும் கீழே உள்ள கற்களின் பெரிய இடைவெளிக்குள் இறங்குவதில்லை. ஆகவே கல் அடுக்கு செய்யும் வேலையெல்லாம், ஈரமண்ணை வேருக்கு இன்னும் அருகில் தூக்கி வைப்பதுதான். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழமே உள்ள சிரட்டையில் இது கள்ளிக்கு எமன்.

துளையிடுவது எளிது. தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெல்லியதாக இருக்கும். முளை வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். கண்ணுள்ள பாதியை எடுத்து அந்த மெல்லிய கண்ணை ஓர் ஆணியால் குத்தினாலே திறந்துகொள்ளும். மற்ற இரண்டையும் துளையிடும் கருவியால் திறந்துவிட்டால் இன்னும் நல்லது. கண்ணில்லாத பாதியை நான் தொட்டியாக்குவதே இல்லை, மண் அள்ள வைத்துக்கொள்கிறேன். சிரட்டையின் அடி உருண்டையாக இருப்பதால் கயிற்றைச் சும்மாடு போல் சுற்றி, அதன் மேல் உட்கார வையுங்கள். துளை தரையில் படாமல் சற்று உயர்ந்து நின்றால்தான் நீர் வடியும்.

மண்ணையும் மாற்ற வேண்டும். சலித்த செம்மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, சிறுபயறு அளவுக்கு உடைத்த சிரட்டைக்கரி ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். நீர் விடுமுன் ஓர் ஈர்க்கை அடி வரை குத்தி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் அன்று நீர் வேண்டாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று ஈரத்தை விரைவில் உலர்த்திவிடும். மலையடிவாரத்தில் உள்ள உங்களுக்கு அந்த வசதி இல்லை. போதாததற்கு இந்த மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. எனவே ஜூன் முதல் டிசம்பர் வரை, வெளிச்சம் படும் ஆனால் சாரல் அடிக்காத இடத்தில் தொட்டிகளை வைப்பதே நல்லது. குழைந்த செடிகளில் மேற்பகுதி இன்னும் பச்சையாக இருந்தால், பழுப்பு நிறம் சிறிதும் தெரியாத இடம் வரை சுத்தமான கத்தியால் வெட்டி, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் வைத்துப் பிறகு உலர்ந்த மணலில் நடுங்கள், சில பிழைக்கும்.

கேள்வி: வீட்டிலேயே சிமென்ட் தொட்டி வார்த்தேன். பார்க்க அழகாக இருக்கிறது, செடிதான் வளரவில்லை. – வாசகர், நாகர்கோவில்

பதில்: வார்த்த மறுநாளே நட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். புதிய சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் கடுங்காரமாக்குவதால் வேர் சத்தை உறிஞ்ச முடியாமல் போகிறது. சிமென்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு என்று கெட்டியாகக் குழைத்து, எண்ணெய் தடவிய தயிர் டப்பாவுக்குள் ஊற்றி, நடுவே சிறிய காகிதக் குவளையை அழுத்தி வார்க்கலாம். அடித்துளைக்கு ஒரு பென்சிலை எண்ணெய் தடவிச் செருகி, கலவை இறுகத் தொடங்கும்போது திருகி எடுத்துவிடுங்கள். முதல்முறை எண்ணெயை மறந்து, டப்பாவைச் சுத்தியலால் உடைத்துத்தான் தொட்டியை வெளியே எடுத்தேன். ஒரு நாள் கழித்துக் கழற்றிய தொட்டியை இரண்டு வாரம் நீரில் மூழ்க வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். தொட்டி இறுகுவதும் காரம் குறைவதும் இதில் ஒன்றாகவே நடக்கும். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும் என்பதால் கையுறை அவசியம்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறது. அங்குள்ள மணலைப் பயன்படுத்தலாமா? – வாசகி, குளச்சல்

பதில்: வேண்டாம். முதல் காரணம் உப்பு. அது வேரிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். சிமென்டில் கலந்தாலோ தொட்டியின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படியும். அதோடு மணவாளக்குறிச்சிப் பகுதிக் கடல்மணல், இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்கள் கொண்டது. மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து குவிப்பதில் பொருளில்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டு கைப்பிடி எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) கேட்டு வாங்கி, தூளெல்லாம் போகும்படி நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.