சடை நுனி ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது?

முடியை மெல்லும் குழந்தைகளைப் பற்றிச் சேலம் பக்கத்துப் பெற்றோர் கேட்டவை இவை. குழந்தைகள் மனநல ஆலோசகராகப் பல வருடம் பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

யூகேஜி படிக்கிறாங்க பாப்பா. டிவி முன்னாடி உக்காந்தா போதும், சடை நுனி வாய்க்குள்ள. கையைத் தட்டிவிட்டா அஞ்சு நிமிஷத்துல மறுபடியும். (அம்மாபேட்டை)

தட்டிவிடுவதை முதலில் நிறுத்துங்கள். அவளுக்கே தெரியாமல்தான் கை போகிறது. தெரியாமல் செய்ததற்குத் திட்டு விழுந்தால் மிரள்வாள். மிரண்டால் வாய் மறுபடி முடியைத்தான் தேடும். ஒரு வாரம் ஒன்றும் சொல்லாமல், கிழித்த காலண்டர் தாளின் பின்னால் குறித்து வையுங்கள்: எத்தனை மணி, என்ன செய்துகொண்டிருந்தாள், பசியா, தூக்கமா. பெரும்பாலும் இரண்டு மூன்று நேரங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த நேரத்துக்கு மட்டும் வழி பண்ணுங்கள். டிவி என்றால், போடும் முன்பே சடையை மடித்து ரிப்பன் கட்டி, கையில் ஒரு சப்பாத்தி மாவு உருண்டை, பக்கத்தில் நீளமாக நறுக்கிய வெள்ளரிக்காய். ஆறு வயதை ஒட்டிக் கடைவாய்ப் பல் முளைக்கும். ஈறு குறுகுறுத்தாலும் எதையாவது கடிக்கத் தோன்றும். வாயைத் திறக்கச் சொல்லி அதையும் பார்த்துவிடுங்கள்.

நான் பாட்டி கேக்கறேன். நுனியில வேப்பெண்ணெய் தடவிவிட்டா கசப்புக்கே விட்டுறுமே? (செவ்வாய்பேட்டை)

வேண்டாங்கம்மா. விரல் சப்புகிறேன் என்று என் பாட்டியும் எனக்குத் தடவினார். பாவாடையில் துடைத்துவிட்டுச் சப்பினேன். அது போகட்டும், இதில் ஆபத்தும் இருக்கிறது. வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போன சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மயக்கம் வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சூடம் கலந்த தைலமும் கூடாது, அதுவும் வலிப்பைக் கொண்டுவரும். உங்கள் கைக்கு வேறு வேலை இருக்கிறது: தினமும் இறுக்கமில்லாமல் ரெட்டைச் சடை பின்னி, தூக்கிக் கட்டி, "இன்னைக்குச் சடை காஞ்சே இருக்கே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

எஸ்டேட்ல வேலைங்க. பொண்ணு ரெண்டாங்கிளாஸ். கீழ சேலத்துல படிக்கிறா. சாயந்திரம் பஸ்ல மலையேறி வர்றதுக்குள்ள பாதிச் சடை நனைஞ்சிருக்கு. (ஏற்காடு)

எனக்குப் பிடித்த கேள்வி. நேரமும் இடமும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பழக்கம் தலைகாட்டும் நொடியைத் தெரிந்துகொண்டு, அதோடு சேர்த்துச் செய்ய முடியாத வேறொன்றை அந்தக் கைக்குக் கொடுப்பதுதான் முறை. அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் எழுதியது. இன்றுவரை இதைத்தான் நாங்களும் சொல்லிக்கொடுக்கிறோம். உங்கள் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. வளைவு வரும்போது முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். நடுவில் கை மேலே போனால், கர்சீப்பை இறுக்கிப் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட உட்கார்ந்து பழக்குங்கள். ஏறியதும் ஒரு கமலா ஆரஞ்சை உரிக்கக் கொடுத்தால் கைக்கும் வாய்க்கும் கொஞ்ச தூரம் வேலை. எஸ்டேட் மிளகை அரைத்துச் சடையில் தடவுவது மட்டும் வேண்டாம், யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள்!

மெல்றதோட நிக்கல, முழுங்கறான். நாலு வயசுப் பையன், தங்கச்சி முடியைக் கூடப் பிடுங்கறான். பச்சரிசி, சாக்பீஸும் தின்றான். (ஓமலூர்)

இதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். முடி கெரட்டின் என்ற புரதம். நம் வயிற்றுக்கு அதைச் செரிக்கத் தெரியாது. வழுவழுப்பாக இருப்பதால் எளிதில் கீழேயும் இறங்காது. இரைப்பை மடிப்பில் தங்கித் தங்கிப் பந்தாகத் திரளும். சிலருக்கு வால் போல நீண்டு சிறுகுடல் வரை போய்விடும். பந்து பெரிதாகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பது, வாந்தி, எடை குறைவது, மேல்வயிற்றில் கட்டி போலத் தட்டுப்படுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மலத்தில் முடி தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பச்சரிசி, சாக்பீஸ் என்றதும் எனக்கு ரத்தசோகைச் சந்தேகம். இவன் வயதில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆனால் அது சரியாக இருந்தும் இரும்புச்சத்துச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரும்பு மருந்து எழுதிக் கொடுத்தால் டீயோடும் பாலோடும் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. நம் வீடுகளில் குழந்தைக்கும் ஒரு டம்ளர் டீ ஊற்றிவிடுகிறோமே, அதை நிறுத்தினாலே பாதி வேலை. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் சேர்ந்தால் நல்லது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இரண்டையும் பாருங்கள்.

ரெண்டு வயசு. என் முடியை வாயில வெச்சாத்தான் தூங்கறான். (சூரமங்கலம்)

தாலாட்டு மாதிரி அவனுக்கு அது. கொண்டை போட்டுக்கொண்டு படுங்கள், உங்கள் பழைய நூல் சேலையில் ஒரு துண்டைக் கையில் கொடுங்கள். உங்கள் வாசம் இருந்தால் போதும்.

மொட்டை போட்டுட்டா? ஆடியில கோட்டை மாரியம்மனுக்கு வேண்டுதலும் இருக்கு. (குகை)

வேண்டுதலுக்காகப் போடுவதென்றால் தாராளமாகப் போடுங்கள். "முடியைத் தின்னியல்ல, அதான்" என்று மட்டும் சொல்லிப் போடாதீர்கள். மொட்டை போட்ட பிள்ளைகள் சட்டைக் காலரையும் நகத்தையும் கடிக்க ஆரம்பித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். முடி வளர மூன்று நான்கு மாதம் ஆகும். அம்மாபேட்டை அம்மாவுக்குச் சொன்ன காலண்டர் தாளை அதற்குள் நீங்களும் எழுத ஆரம்பித்துவிடுங்கள்.