‘இமிட்டேஷன் ஆஃப் லைஃப்’: கேமராவுக்குப் பின்னால் இருந்த தாய்களும் பிள்ளைகளும்

கேள்வி: பழைய ஹாலிவுட் படங்களில், திரைக்குப் பின்னால் நடந்த கதை உங்களை அதிகம் பாதித்தது எந்தப் படத்தில்?

யோசிக்கவே வேண்டாம். 1959-இல் யுனிவர்சல் வெளியிட்ட ‘இமிட்டேஷன் ஆஃப் லைஃப்’. டக்ளஸ் சிர்க் இயக்கியது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோரா, நடிகையாகத் துடிக்கும் வெள்ளைக்கார விதவை. அவள் வீட்டுக்கு வேலை செய்ய வந்து, கடைசிவரை துணையாகவே இருந்துவிடும் கறுப்பினப் பெண் ஆனி. இருவருக்கும் ஆளுக்கொரு மகள். ஆனியின் மகள் சாரா ஜேன் பார்ப்பதற்கு வெள்ளைக்காரப் பெண் மாதிரியே இருப்பாள். அப்படியே சொல்லிக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்று நினைக்கிறாள். அதற்கு இடைஞ்சல், பெற்ற தாயின் முகம்தான்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்தவுடன் சொல்வது லோராவாக நடித்த லானா டர்னரின் கதையை. 1958 ஏப்ரல் 4, பெரிய வெள்ளி. பெவர்லி ஹில்ஸில் அவர் வீட்டில் அவருடைய காதலன் ஜானி ஸ்டாம்பனாட்டோ கத்திக்குத்து பட்டு இறந்தான். குத்தியது லானாவின் 14 வயது மகள் ஷெரில். அம்மாவை அவன் மிரட்டுவது காதில் விழுந்து, சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தாள். சட்டப்படி குற்றமில்லாத கொலை என்று மரண விசாரணை ஜூரி முடிவு சொன்னது. ஆனால் பத்திரிகைகள் அந்தக் குடும்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டன. அதற்குச் சில மாதங்களுக்குள், மகளைக் கவனிக்கத் தவறிய ஒரு நடிகைத் தாயாக லானா கேமராவுக்கு முன் வந்து நின்றார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பாதியை வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். படம் பெரிய வெற்றி பெற்று அவரைப் பணக்காரியாக்கியது. படத்தில் மகளாக வரும் சாண்ட்ரா டீ, “அம்மா, நடிக்கிறதை நிறுத்து” என்று சொல்லும் இடத்தை அன்றைக்குத் தியேட்டரில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இயக்குநர் சிர்க்கின் கதை இதைவிடக் கொடுமை. ஹாம்பர்க்கில் பிறந்த ஜெர்மானியர். முதல் மனைவி நாஜி கட்சியில் சேர்ந்துவிட்டார். சிர்க்கின் இரண்டாவது மனைவி யூதப் பெண். அதைக் காட்டி, மகன் கிளவுஸை அப்பா பார்க்கவே கூடாது என்று தடுத்துவிட்டார் முதல் மனைவி. பையன் நாஜி காலத்துப் படங்களில் குழந்தை நட்சத்திரமானான். சொந்த மகனைப் பார்க்க வேண்டுமென்றால் தகப்பன் டிக்கெட் வாங்கிக்கொண்டு தியேட்டருக்குப் போக வேண்டும். 1937-இல் சிர்க் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். 1944-இல், 18, 19 வயதில், மகன் கிழக்குப் போர்முனையில் இறந்தான். ‘இமிட்டேஷன்’ எடுப்பதற்குச் சற்று முன்புதான், ரஷ்யப் போர்முனையில் இருக்கும் ஓர் இளம் ஜெர்மன் சிப்பாயைப் பற்றி சிர்க் ஒரு படம் எடுத்திருந்தார். அந்தச் சிப்பாயாக நடித்த ஜான் கேவினைத்தான் இங்கே லானாவின் காதலராகப் போட்டார்.

இது தெரிந்த பிறகு அந்த ஹாலிவுட் அறைக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு, இரவு விடுதியில் ஆடிக்கொண்டிருக்கும் மகளை உடம்புக்கு முடியாத ஆனி தேடி வருகிறாள். குழந்தையாக இருந்தபோது அணைத்ததுபோல் ஒரே ஒரு தடவை அணைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். அந்த நேரம் பார்த்து கூட ஆடும் பெண் உள்ளே வருகிறாள். ஆனியைப் பார்த்ததும் புது வேலைக்காரி என்று நினைத்து, குளியலறையில் எறும்பு என்று புகார் சொல்கிறாள். ஆனி மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணை முன்பு நான்தான் பார்த்துக்கொண்டேன், ஊருக்கு வந்தேன், எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். “ஓ, உனக்குத் தாதியெல்லாம் இருந்தாளா?” என்று தோழி கேட்க, “ஆமாம், ஆயுசு முழுக்க” என்கிறாள் சாரா ஜேன், அழுதுகொண்டே.

ஆனியாக நடித்தவர் வானிடா மூர். என்னைப் பொறுத்தவரை படத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். மிசிசிப்பியில் பிறந்து, நடனக்குழுவில் ஆடி, வருஷக்கணக்காகத் துண்டு வேடங்களில் வந்து போனவர். விளம்பரமோ லானாவின் உடைகளுக்கும் நகைகளுக்கும். ஆனி ஒரு தடவை தன் தேவாலயத்தையும் சிநேகிதர்களையும் பற்றிப் பேச, உனக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று லோரா ஆச்சரியப்படுவாள். “நீங்கள் கேட்டதே இல்லையே, அம்மா” என்பாள் ஆனி. குரலில் துளிக் கோபம் இருக்காது. அந்த ஒரு வரியை அவர் சொல்லும் விதத்துக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம்.

சாரா ஜேனாக வரும் சூசன் கோனர் கறுப்பினப் பெண் அல்ல. அம்மா மெக்சிகோ நடிகை லுபிடா டோவர். அப்பா ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர், ஹாலிவுட் ஏஜென்ட் பால் கோனர். நன்றாகத்தான் நடித்தார். ஆனாலும் எனக்கு இது உறுத்தும். ஏனென்றால் இந்தக் கதைக்கு மூலமான ஃபேனி ஹர்ஸ்டின் நாவலை 1934-இல் முதல் தடவை படமாக்கியபோது, அந்த மகள் வேடத்தில் நடித்தவர் ஃப்ரெடி வாஷிங்டன் என்ற வெளுத்த நிறமுள்ள கறுப்பினப் பெண்தான். அந்தப் படத்துக்கே தணிக்கைக்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள். மகள் இவ்வளவு வெளுப்பாக இருந்தால் முன்னோரில் வெள்ளைக்காரர் யாரோ இருந்திருக்கிறார் என்று அர்த்தமாகிவிடுமே என்பது அவர்கள் கவலை. திரையில் தன் இனத்தை மறைக்கும் பெண்ணாக வந்த ஃப்ரெடி, நிஜத்தில் வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொள்ள மறுத்தவர். 1937-இல் கறுப்பின நடிகர்களுக்கான சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்புறம் அவருக்கு ஹாலிவுட்டில் பெரிதாக எதுவும் அமையவில்லை.

கடைசியில் வரும் ஆனியின் இறுதிச் சடங்குக் காட்சிக்கு சுவிசேஷப் பாடகி மஹாலியா ஜாக்சனையே அழைத்து வந்து பாட வைத்தார்கள். அதை எடுக்கும்போது லானா தன் வாழ்க்கையை நினைத்து உடைந்துபோய், செட்டை விட்டு ஓடிவிட்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிர்க் இதோடு ஹாலிவுட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு சுவிட்சர்லாந்தில் போய்க் குடியேறினார்.

மூரும் கோனரும் துணை நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். விருது ஷெல்லி வின்டர்ஸுக்குப் போனது. நடிப்புக்காக அந்தப் பரிந்துரை பெற்ற கறுப்பினக் கலைஞர்களில் மூர் ஐந்தாவது ஆள். அதற்குப் பிறகு அவருக்கு வேலை குறைந்துபோனது. ஆஸ்கர் வரை போனவரை ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தயங்குகிறார்கள், பரிந்துரைக்கு முன்புதான் எனக்கு வேலை அதிகம் இருந்தது என்று 1967-இல் ஒரு பேட்டியில் சொன்னார். பெரிய வேடங்களையும் யாரும் கொடுக்கவில்லை. 2014 ஜனவரி 1 அன்று, 99 வயதில் இறந்தார்.

முடிந்தால் 1934 படத்தை முதலில் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். இரண்டிலும் மகள் அம்மாவைத் தெரியாது என்று சொல்லும் காட்சி உண்டு. ஃப்ரெடியின் கண்ணையும் மூரின் முகத்தையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைக்கும்.