பெருவுக்குப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பெருவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துப்போகிற வேலை எனக்கு என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். விமானக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். நான் எழுதி அச்சாவதற்குள் அது மாறியிருக்கும்.

அக்கா, ஒன்பது நாள் லீவு கிடைத்திருக்கிறது. லிமா, நாஸ்கா கோடுகள், டிட்டிகாகா ஏரி, குஸ்கோ, வானவில் மலை, மச்சு பிச்சு எல்லாம் வருகிற மாதிரி திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். சரியாக இருக்கிறதா?
— ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, பார்த்தேன். தூங்குவதற்கு எங்கே நேரம் விட்டிருக்கிறீர்கள்? இந்தியாவிலிருந்து லிமாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் என்று வைத்துக்கொண்டால் கையில் மிஞ்சுவது ஆறு நாள். அதற்குள் மூன்றாம் நாளே வானவில் மலை என்று போட்டிருக்கிறீர்கள். அந்த வினிகுன்கா 5,000 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்திலிருந்து வந்த உடம்பை இரண்டே நாளில் அங்கே ஏற்றினால், மலையின் நிறங்களைப் பார்க்கக் கண்ணைத் திறக்கவே முடியாது.

நாஸ்கா, டிட்டிகாகா, வானவில் மலை மூன்றையும் அடித்துவிடுங்கள். லிமாவில் ஒரு இரவு. மறுநாள் காலை குஸ்கோவுக்கு விமானம், ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் குஸ்கோவில் தங்காதீர்கள். விமான நிலையத்திலிருந்தே வண்டி பிடித்து, முன்பு அந்த நாட்டை ஆண்ட இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கில் இருக்கும் உருபாம்பாவுக்கோ ஒயான்டைடம்போவுக்கோ போய்விடுங்கள். அங்கே இரண்டு இரவு. பிறகு ரயிலில் மலையடிவார ஊரான அகுவாஸ் கலியெந்தெஸ், மறுநாள் காலை மேலே இன்காக்கள் கட்டிய மச்சு பிச்சு. குஸ்கோவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பதிலில் இருக்கிறது.

அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 65. மச்சு பிச்சு உயரம் அவர்களுக்குத் தாங்குமா?
— சேலம் வாசகி

எல்லோரும் மச்சு பிச்சுவை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதன் உயரம் 2,430 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637. ஆக, மச்சு பிச்சு தொட்டபெட்டாவை விடத் தாழ்வுதான். ஆளைப் படுக்க வைப்பது குஸ்கோ: 3,400 மீட்டர். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். லிமா கடலோர ஊர். காலையில் லிமாவில் காபி குடித்தவர் மதியம் குஸ்கோவில் நிற்கிறார். உடம்புக்கு விஷயம் புரியச் சாயங்காலம் ஆகும். தலைவலி, குமட்டல், இரவெல்லாம் தூக்கமில்லாமை. உள்ளூரில் இதற்கு 'சோரோச்சே' என்று பெயர். புனிதப் பள்ளத்தாக்கு 2,800 மீட்டர் சுமார். அங்கே இரண்டு இரவு தூங்கி எழுந்தால் உடம்பு பாதி பழகிவிடும். முதலில் பள்ளத்தாக்கு, கடைசியில் குஸ்கோ என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் நாள் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு கால் வயிறு சாப்பாடு போதும், நிறையத் தண்ணீர், அன்றைக்கு மது வேண்டாம். அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம், ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் கேட்டுத்தான் போட வேண்டும். ஊரிலேயே டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனை, உடனே கீழே இறங்குவது.

இன்னொன்று, ஹோட்டல். குஸ்கோவில் சான் பிளாஸ் பகுதி படத்தில் கொள்ளை அழகு: வெள்ளைச் சுவர், நீலக் கதவு, கல் பாவிய சந்து. அந்தச் சந்துகளில் பாதி, படிக்கட்டு. கார் கீழேயே நின்றுவிடும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள்தான் ஏற வேண்டும். பெரியவர்களோடு போகிறவர்கள் அவெனிதா எல் சோல் பக்கம் சமதரையில் அறை எடுங்கள். சான் பிளாஸை ஒரு சாயங்காலம் மெதுவாகப் போய்ப் பார்த்தால் போதும்.

கோக்கா இலைத் தேநீர் குடிக்கலாமா? ஊருக்கு நாலு பாக்கெட் வாங்கி வரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

குடிக்கலாம். பெருவில் அது சட்டப்படி சரி, ஹோட்டல் வரவேற்பறையிலேயே வெந்நீரும் இலையும் வைத்திருப்பார்கள். வாய்க்கும் தொண்டைக்கும் இதம். அதை மட்டும் நம்பி மலையேறாதீர்கள். வேலையில் போதைப்பொருள் சோதனை உள்ளவர்கள் தொடவே வேண்டாம், சோதனையில் தெரியும். வாங்கி வருவது? ஒரு தேநீர்ப் பொட்டலம்கூடக் கூடாது. இந்தியாவில் கோக்கா இலை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று புரிகிறது.

காட்டுப் பக்கமே போகப்போவதில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசி எதற்கு?
— கும்பகோணம் வாசகர்

பெரு போவதற்கு அல்ல, ஊர் திரும்புவதற்கு. லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு மட்டும் பார்க்கிறவருக்கு அந்த நோய் வரும் ஆபத்து மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் பெரு முழுவதும் இருக்கிறது. சான்று இல்லாமல் சென்னையில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு விவரம் விசாரித்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு போங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். 60 வயது தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் டாக்டரிடம் பேசாமல் போடக் கூடாது. போடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பயணத்தைப் பற்றி யோசியுங்கள். சேலம் வாசகியும் இதைப் படித்துக்கொள்ளவும்.

விசா?
— பலர்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) விசாவில் ஏதாவது ஒன்று குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருந்தால், பெருவுக்குத் தனி விசா வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. கிளம்புவதற்கு முன் டெல்லியில் உள்ள பெரு தூதரகத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்கா வழியாகப் போவதென்றால் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறந்துவிட்டு மலிவு டிக்கெட்டைப் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?
— மயிலாப்பூர் வாசகி

மாட்டீர்கள். உருளைக்கிழங்கு பிறந்த மண் அது. சோளம், மொச்சை, கீன்வா, வெண்ணெய்ப்பழம், பூசணி என்று எல்லாம் இருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில். 'கார்னே வேண்டாம்' என்றால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுக் கொண்டுவருவார்கள்; அவர்கள் மேல் தப்பில்லை. 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். முட்டையும் ஆகாதென்றால் 'நி உவேவோ' சேர்த்துக்கொள்ளுங்கள். எழுதிக் காட்டுவது இன்னும் நல்லது. சூப்பில் காய் மட்டும் மிதந்தாலும், வேகவைத்த தண்ணீர் பெரும்பாலும் கோழிச் சாறுதான். 'சின் கால்தோ தே போயோ?' என்று கேட்டுவிட்டுக் கரண்டியை எடுங்கள்.

தைரியமாகக் கேட்கக்கூடியவை: 'சோக்லோ கோன் கேசோ', அதாவது நம் சோளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு பெரிய மணி உள்ள வேகவைத்த சோளம், கூடவே ஒரு துண்டு பாலாடைக்கட்டி. அரெகிபா ஊரின் 'சொல்தெரீதோ', மொச்சையும் சோளமும் பாலாடைக்கட்டியும் கலந்த சாலட். 'பாப்பா ஆ லா உவான்கைனா', வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாய்ச் சாறு. மேலே வைக்கிற முட்டையை வேண்டாம் என்றுவிடலாம். சாயங்காலம் தெருவில் 'பிகாரோனெஸ்' பொரிக்கிற இடத்தில் நின்று பாருங்கள். பூசணியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சேர்த்த மாவை விரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டு, குச்சியால் எடுத்து, வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். பாகு சட்டையில் சொட்டாமல் சாப்பிட்டவரை நான் பார்த்ததில்லை.

குஸ்கோ சான் பெத்ரோ சந்தையில் பழச்சாறுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உயரமான மேடைக்குப் பின்னால் ஏப்ரன் கட்டிய பெண்கள், முன்னால் கோபுரமாக அடுக்கிய பழம், நமக்கு உட்கார ஒரு பெஞ்சு. ஒரு கிளாஸ் குடித்து முடித்ததும் எழுந்துவிடாதீர்கள். மிக்ஸி ஜாரில் மிச்சம் இருக்கும். 'யாப்பா' என்று கேட்டால் அதையும் உங்கள் கிளாஸிலேயே ஊற்றுவார். கொசுறுதான், காசு கிடையாது. தண்ணீர் சேர்க்காத சாறாகக் கேளுங்கள்; அந்த நாட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது.

ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப்போங்கள். ரைஸ் குக்கர் வேண்டாம். கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

தனியாகப் போகிறேன். திருட்டு பயம் இருக்கிறதா, மேடம்?
— புதுச்சேரி வாசகி

இருக்கிறது, பெரும்பாலும் செல்போன் திருட்டு. லிமாவில் நடைபாதை ஓரத்தில் நின்று மேப் பார்க்காதீர்கள். ஏதாவது கடைக்குள் போய்ப் பாருங்கள். டாக்சியில் ஜன்னலை ஏற்றிவிட்டு, கைப்பையை மடியில் வைக்காமல் காலடியில் வையுங்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் கூலி பேசிக்கொள்ள வேண்டும், அல்லது செயலி வழியாக வண்டி கூப்பிடலாம். தங்க மிராஃப்ளோரெஸ் அல்லது பரான்கோ பகுதி. போலீஸ் எண் 105.

பணம் சோல். கள்ள நோட்டு பயத்தில் கடைக்காரர்கள் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், கோபப்படாதீர்கள், நீங்களும் அப்படியே பாருங்கள். டாலர் கொண்டுபோனால் கிழிசலோ கிறுக்கலோ இல்லாத நோட்டாக இருக்கட்டும். ஓரம் துளி கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். சில்லறை எப்போதும் கையில் இருக்கட்டும், பொதுக் கழிப்பறைக்குக் காசு தர வேண்டும். துடைத்த காகிதத்தைக் கழிப்பறைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவது அந்த ஊர் வழக்கம்.

ஹோட்டலில் பாஸ்போர்ட் கேட்டால் கொடுங்கள். வெளிநாட்டுப் பயணிக்கு அறை வாடகையில் 18 சதவீத வரி கிடையாது, அதற்காகத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்க மறந்தால் நீங்கள் நினைவுபடுத்துங்கள்.

எந்த மாதம் போகலாம்?
— திருச்சி வாசகர்

மலைப்பக்கம் மே முதல் செப்டம்பர் வரை வானம் தெளிவு, இரவு கடுங்குளிர். ஜூன் 24 குஸ்கோவில் இன்டி ராய்மி சூரியத் திருவிழா. அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜனவரி, பிப்ரவரியில் மழை வெளுத்து வாங்கும். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அடித்துப்போய், மச்சு பிச்சு அடிவாரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் வெளியே வந்தார்கள். மச்சு பிச்சுவுக்கு மலைவழியாக நடந்தே போகிற இன்கா நடைபாதையைப் பிப்ரவரி முழுக்க மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் மே மாதம்: மழை விட்ட பச்சை இன்னும் இருக்கும், கூட்டம் இன்னும் வந்திருக்காது.

மச்சு பிச்சு டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?
— கோவை வாசகர்

வேண்டாம். எத்தனை பேர், எந்த மணிக்கு, எந்தச் சுற்றுப்பாதை எல்லாம் டிக்கெட்டிலேயே முடிவாகிவிடும். படங்களில் பார்க்கிற அந்தக் காட்சி மேல்பக்கப் பாதையில்தான் கிடைக்கும். கீழ்ப்பாதை டிக்கெட்டோடு போய், 'இது வேற இடம் போலிருக்கே' என்று நின்றவர்கள் உண்டு. பதிவு செய்த அதே பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோங்கள். உள்ளே கழிப்பறை இல்லை, வெளியே வந்துவிட்டால் மறுபடி விட மாட்டார்கள். வாசலில் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டு நுழையுங்கள். பெரிய பையும் குடையும் அனுமதி இல்லை, மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

நாஸ்கா விமானம் பயமாக இருக்குமா?
— மதுரை மாணவர்

பயத்தை விட வாந்திதான் பிரச்சினை. பாலைவனத் தரையில் கீறிய பிரம்மாண்ட உருவங்களை மேலிருந்து காட்டுகிற சின்ன விமானம். இரண்டு பக்கத்தவரும் பார்க்கட்டும் என்று ஒவ்வொரு உருவத்தின் மேலும் இடதுபுறம் ஒரு சாய்ப்பு, வலதுபுறம் ஒரு சாய்ப்பு, அரை மணி நேரம். காலை விமானமாகப் பார்த்து ஏறுங்கள், வெறும் பிஸ்கட்டோடு. ஏற்றுவதற்கு முன் எடை பார்ப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பார்வைக் கோபுரம் இருக்கிறது, அதில் ஏறினாலும் இரண்டு மூன்று உருவங்கள் தெரியும்.

நம் ஊர் செல்போன் சார்ஜர் அங்கே பொருந்துமா?
— தஞ்சாவூர் வாசகர்

இரண்டு முள் உள்ளது பொருந்தும், மின்சாரமும் 220 வோல்ட்தான். மூன்று முள் பிளக் பொருந்தாது; அதற்கு ஒரு அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.